சீதேவியின் வால்

பினாங்கு
6.7.1958

மச்சானுக்கு ருக்கையாவின் சலாம்.

வந்து சேர்ந்துவிட்டேன். ரயிலில் ஒரு சீனத்தி என் தோளில் சாய்ந்து கோலாலம்பூர் வரைக்கும் தூங்கினாள். நான் தூங்கவில்லை. மைனியும் பிள்ளையும் நலம். பிள்ளை அப்படியே அவன் வாப்பாவை, என் கூடப்பிறந்த காக்காவை உரித்து வைத்திருக்கிறான், மூக்கு மட்டும் மைனி மூக்கு.

மைனிக்குப் பேறுகால ஒத்தாசைக்குப் போயிருக்கிறாள் என்று கேட்கிறவர்களிடம் சொல்லிக்கொள்ளுங்கள். நான் எதற்குப் புறப்பட்டு வந்தேன் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அன்றைக்குக் கதவை அறைந்து சாத்தினீர்களே, அப்போது சீதேவி போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓடிப் போய்த் தூக்கித் தடவினேன். வால் நுனி மடங்கி, எலும்பு முடிச்சு விழுந்து கிடந்தது. வாயில்லாத சீவன் மச்சான் அது. நீங்கள் என்ன ஏது என்று கேட்கக்கூட இல்லை. சந்தன எண்ணெய் போத்தலைத் தூக்கிக்கொண்டு கடைக்கு இறங்கிவிட்டீர்கள்.

கூடவே கொண்டுவந்திருப்பேன். மைனிக்கு இழுப்பு, பூனை முடி ஆகாது. அதனால்தான் உங்களிடம் விட்டுவிட்டு வந்தேன், வேறு கதி இல்லாமல்.

பிள்ளைக்கு நாற்பது நாள் கழியும் வரை இங்கே இருப்பேன். அதற்குப் பிறகு சிங்கப்பூருக்கு வருவதா, நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறி உம்மா வீட்டோடு இருந்துவிடுவதா என்று காக்கா கேட்கிறார். சீதேவி நல்லபடியாக இருந்தால் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு பூனையைப் பார்த்துக்கொள்ள முடியாத மனிதரோடு எப்படிக் குடித்தனம் செய்வது?

காலையில் மீன், மாலையில் மீன். முள் எடுத்துக் கொடுக்கவும்.

ருக்கையா

---

டன்லப் தெரு, சிங்கப்பூர்
14.7.1958

ருக்கையாவுக்கு அஹமது கபீர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தை மேலும் கீழும் புரட்டிப் பார்த்தேன். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. போகட்டும். நானும் உன் பூனையும் ஒரே அறையில் இருக்கிறோம். அது சுகம்.

நான் மூக்கை வைத்துப் பிழைக்கிறவன் என்பது உனக்குத் தெரியும். விடிந்ததும் என் வேலை என்ன தெரியுமா? மத்தி மீனை அவித்து, சூடு ஆற்றி, விரலால் பிசைந்து முள் எடுப்பது. சவர்க்காரம் போட்டும், எலுமிச்சை தேய்த்தும், அடுப்புச் சாம்பலைப் போட்டும் கழுவுகிறேன். போகிறதா அந்தக் கவிச்சி? நேற்று அத்தர் எடுக்க வந்த ஒரு ஹாஜியார் என் கையில் தொட்டு முகர்ந்துவிட்டு, "என்ன கபீர், சந்தனத்துல மத்தி வாசம் வருதே லா?" என்றார். கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் வாப்பா இந்த ஊரில் அத்தர் விற்ற காலத்திலிருந்து எங்களை யாரும் இப்படிச் சொன்னதில்லை.

இன்னும் கேள். என் தொப்பிக்குள் வாந்தி எடுத்து வைத்திருக்கிறது. பாதிக் கரப்பான், ஒரு முடி உருண்டை, ஏதோ பச்சையாக ஒன்று. பார்க்காமல் தலையில் கவிழ்த்தேன். தேத்தண்ணீரில் முடி, தலையணையில் முடி. முந்தாநாள் தொழுவதற்கு முசல்லாவை விரித்தால் அதில் ஈரம். பூனை நஜீஸ் இல்லை, அசுத்தம் இல்லை, அது வாய் வைத்த தண்ணீரில் தொழுகைக்கு ஒளுச் செய்யலாம் என்று நீ கிதாபு காட்டுவாயே, அதன் மூத்திரத்துக்கும் அதே சட்டமா என்று உன் காக்காவிடம் கேட்டு எழுது. அந்த வாடை துணியில் ஏறினால் துணி கிழிந்தாலும் போகாது. அருவருப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாலைப் பற்றி எழுதியிருந்தாய். கதவைச் சாத்தியது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. அந்த வாலை நான் இதுவரை நேராகப் பார்த்தது இல்லை. மூதேவி முதுகைக் காட்டினால் நான் சுவரைப் பார்த்துக்கொள்கிறேன்.

கபீர்

---

பினாங்கு
20.7.1958

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு மைனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

உங்களுக்குப் பூனை வாடை ஆகாதா? ஜும்ஆவுக்குப் போகும்போது காதுமடலில் தடவிக்கொள்கிறீர்களே புனுகு, அது எந்தச் சீவனின் எந்த இடத்திலிருந்து வழித்தெடுப்பது என்று உங்கள் ஹாஜியாரிடம் சொல்லியிருக்கிறீர்களா? சிமிழில் போட்டு மூடிவிட்டால் நறுமணம், முசல்லாவில் பட்டால் அருவருப்பு. நல்ல மூக்கு மச்சான் உங்களுக்கு.

சீதேவியைச் சொல்லாதீர்கள். உங்களுக்கு உயிரோடு இருக்கிற எதுவுமே ஆகாது. அன்றைக்கு நான் சொன்னதும் இதைத்தானே? சொல்லி முடிப்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. இங்கே கதவு இல்லை, அதனால் முழுதாக எழுதுகிறேன்.

ஆறு மாதத்தில் நம் பிள்ளை வயிற்றிலேயே மவுத்தாகி, நான் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தேன். பக்கத்து வீட்டு ஆமினா பீவி பிடித்துக்கொள்ள மாடிப்படி ஏறினேன். அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை. தூபக்காலில் நீங்கள் கை கையாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று மட்டுமா? பத்து நாளும் விடாமல் போட்டீர்கள். என் உடம்பிலிருந்து வந்த இரத்த வாடையும் ஆஸ்பத்திரி மருந்து வாடையும் உங்களுக்கு அவ்வளவு சகிக்கவில்லையா? அந்தப் பத்து நாளும் என் பக்கத்தில் முகம் சுளிக்காமல் படுத்துக் கிடந்தது சீதேவி ஒன்றுதான். என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, நகராமல் அப்படியே படுத்துக்கொண்டது.

அதனால் மீனை ஒழுங்காக அவித்துப் போடுங்கள். ஒரு பிடி சோறு சேர்த்துப் பிசையவும். நீங்கள் முறைத்துக்கொண்டு நின்றால் அது சாப்பிடாது.

ருக்கையா

---

டன்லப் தெரு
2.8.1958

ருக்கையாவுக்கு,

புனுகுப் பூனை வேறு, பூனை வேறு. இது தெரியாமல் என்னைப் பகடி செய்ய வேண்டாம்.

சாம்பிராணி பற்றி எழுதியதைப் படித்தேன்.

எழுத வேண்டியது வேறு ஒன்று. எப்படிச் சுற்றி எழுதினாலும் அங்கேதான் வந்து நிற்கப்போகிறது, நேராகவே எழுதிவிடுகிறேன். பூனையைக் காணவில்லை. போன வாரம் காலையில் மீன் தட்டை வைத்துவிட்டுக் கடைக்கு இறங்கினேன். மதியம் வந்து பார்த்தால் மீன் அப்படியே இருந்தது, மேலே எறும்பு. மாலையிலும் வரவில்லை. ஆமினா பீவி வீட்டுக் கூரை, எதிர்க் கடை மாடி, பின் சந்துச் சாக்கடை எல்லாம் பார்த்தேன். சாக்கடையில் என்னென்ன கிடந்தது என்று எழுதினால் உனக்குக் குமட்டும். எனக்குக் குமட்டியது.

நான் துரத்தவில்லை ருக்கையா. தட்டை இன்னும் வாசலில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஊரில் உள்ள மற்ற பூனைகள் வந்து தின்றுவிட்டு, படியில் அசுத்தம் செய்துவிட்டுப் போகின்றன. அதையும் நான்தான் அள்ளுகிறேன்.

கபீர்

---

பினாங்கு
6.8.1958

காணவில்லையா, காணாமல் ஆக்கினீர்களா?

சாக்கில் போட்டுக் கட்டி, அது வழி கண்டுபிடித்துத் திரும்பாதபடி ரோச்சோர் ஆற்றைத் தாண்டி விட்டிருப்பீர்கள். இல்லை, மீன் கிடைக்கும் இடம் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு தேக்கா மார்க்கெட்டில் விட்டிருப்பீர்கள். எல்லாரும் அங்கேதானே விடுகிறார்கள்!

போய்த் தேடுங்கள். வெள்ளை உடம்பு, இடது காதில் மட்டும் செம்பட்டை. அதுவும் சந்தேகமாக இருந்தால் வாலைப் பிடித்துப் பாருங்கள். நுனி மடங்கி, முடிச்சு விழுந்த வால். அப்படி ஒரு வால் இந்த உலகத்தில் வேறு எந்தப் பூனைக்கும் இருக்காது. நீங்கள் கதவில் வைத்து நசுக்கிக் கொடுத்த அடையாளம் ஆயிற்றே!

அது கிடைத்தால் எழுதுங்கள். கிடைக்காவிட்டால் எழுத வேண்டாம். காக்கா கப்பலுக்குச் சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டார்.

ருக்கையா

---

டன்லப் தெரு
17.8.1958

ருக்கையாவுக்கு,

பூனை கிடைக்கவில்லை. இருந்தும் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் கடை திறக்காமல் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் பக்கத்தில் கால் வைத்ததும் செருப்புக்குள் குடல் தண்ணீர் ஏறிவிட்டது. செதிலும் இரத்தமும் பனிக்கட்டி உருகிய நாற்றமும். கைக்குட்டையில் மல்லிகை அத்தர் ஊற்றி மூக்கில் வைத்துக்கொண்டு போனேன். மீன் நாற்றத்தோடு மல்லிகை சேர்ந்தால் என்ன ஆகும் என்று என் எதிரிக்கும் தெரிய வேண்டாம். ஒரு தூணுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். உடனே இரண்டு பூனைகள் அதை முகர்ந்து பார்க்க வந்தன. இவற்றுக்கு வெட்கம் என்று ஒன்று கிடையாதா?

அதில் ஒன்று வெள்ளை. காதில் செம்பட்டை இருக்கிற மாதிரி இருந்தது. நீ சொன்னபடி வாலைப் பிடித்தேன். நுனியில் மடிப்பு, எலும்பில் முடிச்சு. மார்போடு அணைத்துத் தூக்கினேன். அல்லாஹ்வே, கிடைத்துவிட்டது என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு பார்த்தால் அது கடுவன். சட்டைமேல் மூத்திரம் பெய்துவிட்டு, கையைப் பிறாண்டிக்கொண்டு குதித்து ஓடியது.

அப்போதுதான் மற்றதன் வாலைப் பார்த்தேன். கறுப்புப் பூனை, அதற்கும் மடிப்பு. ஆட்டுத்தொட்டிப் பக்கம் போனேன். அங்கே ஒன்றுக்கு வால் சுருண்டு கொக்கி போல இருந்தது, இன்னொன்றுக்கு அரை வால்தான். ஒவ்வொன்றாகப் பிடித்து வாலைத் தடவிக்கொண்டே போகிறேன். ஆட்டுக்கறிக் கடை நூருல் அமீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன பாய், பூனை வாலையெல்லாம் புடிச்சுப் புடிச்சுப் பாக்குறீங்க, பொண்ணு பாக்கவா வந்தீங்க?" என்றார்.

"எல்லாத்துக்கும் வாலு ஒடிஞ்சிருக்கே, யாரு இப்படிச் செஞ்சது?" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்களும் வந்துவிட்டார்கள். "யாரும் செய்யல லா. இந்த ஊருப் பூனைக்கு வாலே அப்படித்தான், பொறக்கும்போதே. ஊருக்கு வந்து எத்தன வருஷமாச்சு, இதுகூடத் தெரியாதா?" என்று கோழிக்கூண்டுக்கு அடியில் காட்டினார். கண் திறக்காத குட்டிகள். பிடித்துப் பார்த்தேன். அந்தப் பிஞ்சு வால்களிலும் முடிச்சு இருந்தது ருக்கையா.

நான் உடைக்கவில்லை. பூனையைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போகிறவன் நான், எனக்கு எப்படித் தெரியும்? நீயோ நாகப்பட்டினத்திலிருந்து வந்து இரண்டு வருடமாக அந்த மாடி ஜன்னலைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. நடக்காத கொலைக்கு நான் பழி சுமந்திருக்கிறேன். நான் ஒடித்தேன் என்று நானே நம்பி, அந்த மூதேவியின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு அத்தனை நாளும் முள் எடுத்தேன்.

சட்டையை எரித்துவிட்டேன். நாளை கேலாங் பக்கம் தேடப் போகிறேன்.

கபீர்

---

பினாங்கு
22.8.1958

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் கொல்லைப்பக்கம் போனேன். மைனி வீட்டுக்குள் விடாததால் இந்தத் தெருப் பூனைகள் கிணற்றடியில்தான் கிடக்கும். எல்லாவற்றுக்கும் வால் மடங்கித்தான் இருக்கிறது. காக்காவிடம் சொன்னேன். "மலாய் நாட்டுல நேரான வாலோட பூனையைப் பாத்தா எனக்குச் சொல்லியனுப்பு புள்ள" என்று சிரித்தார்.

சரி. நீங்கள் உடைக்கவில்லை. அன்றைக்கு முன்னால் நான் அதன் தலையைத்தான் தடவுவேன், வால் நுனியைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. அந்தப் பழியை எடுத்துவிட்டேன்.

ஆனால் சீதேவி அலறியதற்குக் காரணம் வாலாக இல்லாவிட்டால் சத்தமாக இருக்கலாம். நானும்தான் நடுங்கிப்போனேன். வாலை விட்டுவிடுகிறேன் மச்சான், கதவை எப்படி விடுவது? வாலைச் சொல்லிச் சண்டை போடுவது எனக்கும் லேசாக இருந்தது. பூனைக்காக அழுதால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். போன பிள்ளைக்காக அழுதால், "அல்லாஹ் கொடுத்தான், எடுத்தான், இன்னும் என்ன" என்கிறார்கள்.

நாற்பது கழிந்துவிட்டது. பிள்ளைக்கு முடி இறக்கினார்கள். எல்லாரும் தூக்கிக் கொஞ்சினார்கள், என் கையில் மட்டும் கொடுக்கத் தயங்கினார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கப்பலைப் பற்றிக் காக்காவுக்கு இந்த மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் வாடை உங்களுக்கு அருவருப்பாக இருந்ததா? ஆம் என்றால் ஆம் என்று எழுதிவிடுங்கள். உம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன். சுற்றிவளைக்க வேண்டாம்.

ருக்கையா

---

டன்லப் தெரு
29.8.1958

ருக்கையாவுக்கு,

சீதேவி கிடைத்தது. கேலாங்கில் இல்லை, பிடோக்கில் இல்லை. நம் காலடியிலேயே கிடந்தது.

நான்கு நாட்களாகவே மாடிப்படியில் ஒரு வாடை. ஆமினா பீவி, "எலி செத்துக் கெடக்குது தம்பி, பினாயில் ஊத்துறேன்" என்றார். எலி செத்த வாடை எனக்குத் தெரியும். இது செத்த வாடை இல்லை, உயிரோடு இருக்கிற புண்ணின் வாடை. படிக்கு அடியில் அவருடைய கரிமூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன். கடைசி மூட்டைக்குப் பின்னால் சுவரை ஒட்டிக் கிடந்தது. எங்கேயோ லாரியில் அடிபட்டு, பின்னங்கால் நைந்து, ஊர்ந்தே வந்திருக்கிறது. வந்தும் மாடியேற முடியவில்லை. இந்த நான்கு நாளும் நான் அதன் தலைக்கு மேலே ஏறி இறங்கி ஊரெல்லாம் தேடியிருக்கிறேன்.

உள்ளதை எழுதுகிறேன். காலில் புழு நெளிந்தது. சீழ் என் வேட்டியில் ஒழுகியது. கை வைத்துவிட்டு இரண்டு தடவை வெளியே ஓடினேன். மூன்றாம் தடவை போய்த் தூக்கிவந்து முசல்லாவுக்குப் பக்கத்தில் பழைய கைலியில் கிடத்தினேன். கடையில் பஞ்சு எடுக்கிற சாமணத்தால் புழுக்களை எடுத்துப் போட்டேன். மிருக டாக்டரைக் கூட்டிவந்தேன். பார்த்துவிட்டு, ரொம்பப் பிந்திவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். மீனைப் பிசைந்து விரலில் வைத்துக் காட்டினேன். நக்கியது, விழுங்க முடியவில்லை. அப்புறம் என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, அதிலேயே தலையை வைத்துக்கொண்டது. மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது உயிர் போனது. ஆமினா பீவி வீட்டுப் பின்னால் பப்பாளி அடியில் புதைத்தேன். என்னால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. நீ கப்பலேறினாலும் நான் ஒன்றும் சொல்ல முடியாது.

நீ கேட்டதற்குப் பதில், இல்லை. உன் வாடை எனக்கு ஒருநாளும் அருவருப்பாக இருந்ததில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் உனக்கு மயக்கம் தெளியவில்லை. ஒரு தாதி வந்து துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டாள். பெண் பிள்ளை. "அடக்கம் பண்ணியாச்சு" என்று உன்னிடம் சொன்னார்கள் அல்லவா, யார் பண்ணினார்கள் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு பிடாடரி மையவாடிக்குப் போனேன். வழியெல்லாம் துணியில் ஈரம் ஊறி என் உள்ளங்கைக்கு வந்தது. பள்ளிவாசல் மோதினார் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார், நான் கொடுக்கவில்லை. நானே குழிக்குள் வைத்தேன்.

அந்த வாடை என் கையில் இருந்தது ருக்கையா. உன் மேல் இல்லை. எத்தனை வாசனை தெரிந்த மூக்கு இது, அதை என்னவென்று சொல்ல இதற்கு ஒரு பேர் கிடைக்கவில்லை. சோறு பிசைந்தால் வந்தது, முகம் கழுவினால் வந்தது. இந்தக் கையோடு எப்படி உன்னைத் தொடுவது என்றுதான் சாம்பிராணி போட்டேன். கையைப் புகையில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். நீ படியேறி வந்தபோது அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். உயிரோடு இருக்கிற எதுவும் உங்களுக்கு ஆகாது என்று நீ சொன்னபோது, வாயைத் திறந்தால் இதெல்லாம் வந்துவிடும் என்று பயந்து கதவைச் சாத்தினேன்.

சீதேவியைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அறை நாறுகிறது. இன்று சாம்பிராணி போடவில்லை.

கபீர்

---

பினாங்கு
2.9.1958

மச்சானுக்கு,

கடிதத்தை மைனியிடம் காட்டவில்லை. யாரிடமும் காட்டவில்லை. சீதேவிக்காக அழுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்காகவும்தான் அழுதேன்.

பெண் பிள்ளை என்று எனக்கு யாருமே சொல்லவில்லை.

இத்தனை நாளும் நீங்கள் சொல்லாததற்கு உங்களை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வந்து சண்டை போடுவேன். கப்பல் வேண்டாம் என்று காக்காவிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை படகில் அக்கரை போய், பிறை ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள். தொப்பி இல்லாவிட்டால் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டாவது வாருங்கள்.

நேரே வீட்டுக்குப் போக வேண்டாம். பிடாடரிக்குக் கூட்டிப் போங்கள். பெண்கள் மையவாடிக்குள் வரக்கூடாது என்று மோதினார் தடுத்தால் நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீங்கள் உள்ளே போய் அந்த இடத்தில் நின்று காட்டுங்கள். எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.

அறையைக் கழுவி வைக்காதீர்கள். மீன் அவித்த சட்டி, கைலி, முசல்லா எல்லாம் கிடந்தபடி கிடக்கட்டும், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். சாம்பிராணி போட்டு வைத்திருந்தால் படியேற மாட்டேன். உங்கள் கையையும் ஒன்றும் செய்ய வேண்டாம். அப்படியே கொண்டுவாருங்கள். நான் முகர்ந்து பார்க்க வேண்டும்.

ருக்கையா